மேன்ஷன் அறையில் இரண்டு கார்டுகள்

மடிக்கணினியின் இடது விலாவில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அதன் வழியே வருகிற காற்றில் கையைக் காட்டினாலே உள்ளே என்ன விளையாட்டு ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். கிரிக்கெட் 07 என்றால் இளஞ்சூடு. மோஸ்ட் வாண்டட் என்றால் அதற்கு ஒரு படி மேலே. பேட்டில்ஃபீல்ட் 3 ஓடும்போது நீட்டிய விரலை உடனே இழுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காற்றுக்கு ஒரு வாசனை உண்டு. சூடேறிய தூசியும் பிளாஸ்டிக்கும், மேசையில் எப்போதோ சிந்திய டீயும் கலந்த வாசனை. நீங்களும் அந்தக் காற்றில் கை காட்டியவர்தானே. மழைக்காலத்தில் காயாத துண்டை அந்தப் பக்கமாகத் தொங்கவிட்டவர்கள் நாம்.

2011ஆம் வருஷம். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனின் மூன்றாம் மாடி. நான்கு பேர், மூன்று கட்டில், ஒரு மேசை. காலையில் பொதுக் குளியலறை வாசலில் வாளிகள் நிற்கும், ஆட்கள் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். கொசுவர்த்திச் சாம்பல் வளையமாக உடையாமல் ஜன்னல் திட்டில் கிடக்கும். ஜாம் பஜார் பக்கம் காற்று திரும்பினால் காய்கறி வாடை வரும், கடல் பக்கம் திரும்பினால் உப்பு வாடை. அந்த மே 28ஆம் தேதி ராத்திரி சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் கோப்பையை வென்றபோது மொட்டைமாடியில் நின்றோம். ஸ்டேடியத்துச் சத்தம் முதலில் காதுக்கு வரும், கீழே டீக்கடை டிவியில் விக்கெட் பிறகுதான் விழும். அந்த இடைவெளியில் யார் அவுட் என்று பந்தயம் கட்டுவார் அண்ணாச்சி.

அறையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. அண்ணாச்சி என்றால் திருநெல்வேலிக்காரர், மருந்துக் கம்பெனி ரெப். மதுரைக்காரன் ராத்திரி ஷிப்டில் கால் சென்டர். கும்பகோணத்தான் வேலை தேடிக்கொண்டிருந்தான்; ஆனால் கம்ப்யூட்டர் பற்றி அவனுக்குத் தெரியாதது கிடையாது. பைக்ராஃப்ட்ஸ் ரோட்டுப் பிளாட்பாரத்தில் பழைய டிஜிட் பத்திரிகைகளை எடைக்கு வாங்குகிற மாதிரி வாங்கி வருவான். கூட வந்த டிவிடி கீறல் விழுந்திருக்கும், அதைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துப் படிக்க வைப்பான்.

மேன்ஷனில் மேசைக் கணினி வைக்க முடியாது. இடமில்லை, கரண்டுக்கும் மேனேஜர் கணக்கு கேட்பார், அறை மாறினால் தூக்கவும் முடியாது. அதனால் கார்டு உள்ள லேப்டாப் என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே வழி. கார்டு என்று சொல்கிறோமே தவிர, அது கழற்றி மாட்டுகிற கார்டு இல்லை. பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைத்த சில்லு. வாங்கும்போது எது இருக்கிறதோ அதுதான் கடைசிவரை. அதனால்தான் அத்தனை யோசனை.

எனக்குப் பணம் வந்தது அம்மா கட்டிய சீட்டிலிருந்து. போனில் கேட்டாள், "வேலைக்கா, விளையாடவா?" ரெண்டுக்கும் ஆகும்மா என்றேன். "ரெண்டுக்கும் ஆகணும்னா நல்லா நாலு இடத்துல விசாரிச்சு வாங்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே நாலு இடம் என்ன, ரிச்சி தெரு முழுக்க விசாரித்தோம்.

ஞாயிறு ரிச்சி தெருவில் பாதிக் கடை திறந்திருக்காது. சனிக்கிழமைதான் கிளம்புவோம். முதலில் ரத்னா கபேயில் இட்லி. இட்லி மூழ்கச் சாம்பாரை ஊற்றிவிட்டு, கேட்காமலே இன்னொரு முறை ஊற்றுவார்கள். அங்கிருந்து வாலாஜா ரோட்டைப் பிடித்து நடை. சேப்பாக்கம் பின்தங்கிப் போகும், எதிரே ஓமந்தூரார் தோட்டத்துப் புதுக் கட்டடம் தெரியும். 2010இல் சட்டசபைக்காகத் திறந்தது. ஆட்சி மாறி, சபை கோட்டைக்கே திரும்பிப் போயிருந்த மாதங்கள் அவை, வாசல் வெறிச்சென்று கிடந்தது. இப்போது அங்கே அரசு ஆஸ்பத்திரி நடக்கிறது. அண்ணா சிலைக்கு வந்து மவுண்ட் ரோட்டைக் கடந்தால் கேசினோ தியேட்டர்ப் பக்கம். போஸ்டரைப் பார்த்து இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மேலே நடப்போம். அப்போது சாந்தி தியேட்டரும் இருந்தது.

தெருவுக்குள் காலை வைத்ததும் ஆரம்பித்துவிடும். "சார், என்ன பார்க்குறீங்க? லேப்டாப்பா? பென்டிரைவா? சிசிடிவியா? வாங்க சார், மேல மாடி." நரசிங்கபுரம் தெரு முனையில் கரும்புச்சாறு மிஷினின் சலங்கைச் சத்தம். தலைக்குமேல் வானமே தெரியாத அளவுக்கு ஒயர்கள். மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து ஒருவர் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருப்பார். அந்த ரோசின் புகை மூக்கில் ஏறினால்தான் ரிச்சி தெருவுக்கு வந்த மாதிரி இருக்கும். ரேடியோ வால்வு விற்ற காலத்திலிருந்தே அந்தப் புகை அங்கே இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்த வருஷம் எங்கள் பட்ஜெட்டுக்குள் எட்டியும் எட்டாமலும் நின்றவை இரண்டு. ஒன்று என்விடியாவின் ஜிஃபோர்ஸ் ஜிடி 540எம். இன்னொன்று ஏஎம்டியின் ரேடியான் ஹெச்டி 6770எம். இரண்டும் 2011 ஜனவரியில் அறிவிக்கப்பட்டவை. ஏஎம்டி அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே ஏடிஐ என்ற பெயரைக் கைவிடுவதாகச் சொல்லிவிட்டது, ஆனால் தெருவில் யாரும் கைவிடவில்லை. "ஏடிஐ வேணுமா, என்விடியா வேணுமா?" என்றுதான் கேட்பார்கள். 540எம் போட்ட லேப்டாப் நாற்பத்தைந்தாயிரத்தை ஒட்டி வந்தது. 6770எம் போட்டது அதைவிடப் பத்தாயிரத்துக்கு மேல். பத்தாயிரம் என்றால் மேன்ஷன் வாடகை எத்தனை மாதத்துக்கு என்று நினைத்துப் பாருங்கள்.

கடைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே வாய்ப்பாடு. "இதுல ரெண்டு ஜிபி கார்டு சார். அதுல ஒரு ஜிபிதான்." லேப்டாப்பின் உள்ளங்கை வைக்கும் இடத்தில் பளபளக்கிற ஸ்டிக்கரிலும் அந்த 2 ஜிபிதான் பெரிதாக இருக்கும். கும்பகோணத்தான் அந்த ஸ்டிக்கரைப் பார்க்கவே மாட்டான். "என்ன மெமரின்னு கேளு. டிடிஆர் மூணா, ஜிடிடிஆர் அஞ்சா?" என்பான். பாதிக் கடைகளில் அந்தக் கேள்விக்குப் பதில் வராது. உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள்.

ஒண்ணு இல்லை என்று எங்களுக்கு விளக்கினவர் ஒரு சர்வீஸ் கடை பாய். இரண்டாம் மாடி, ஒரு ஆள் உட்காரும் அகலம். நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டியிருப்பார். அன்றைக்கு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தொட்டி பெருசா இருந்து என்ன தம்பி? குழாய் வாய் சின்னதா இருந்தா குடம் ரொம்ப நேரமாகும்ல?" திருவல்லிக்கேணியில் தண்ணி லாரிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அறைக்குத் திரும்பும் வழியில் கும்பகோணத்தான் பஸ் டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட்டுக் காட்டினான். இரண்டுக்கும் பாதை 128 பிட் அகலம்தான். ஆனால் 540எம் டிடிஆர்3 நினைவகத்தோடு வருவதால் விநாடிக்கு 28.8 ஜிபி தரவுதான் சில்லுக்குப் போய்வரும். ஜிடிடிஆர்5 போட்ட 6770எம்மில் அது 57.6. நேர் இரட்டிப்பு. ஒரு ஜிபியா இரண்டு ஜிபியா என்பது 540எம் விஷயத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. அந்த இரண்டாவது ஜிபி நிறைகிற அளவுக்கு ஒரு விளையாட்டை ஏற்றினால், சில்லு அதற்கு முன்பே மூச்சுவாங்கி நின்றுவிடும்.

இன்னொரு கணக்கு உண்டு, அது அவனுக்கு ரொம்பப் பிடித்தது. 540எம்மில் 96 கோர், 6770எம்மில் 480. "அஞ்சு மடங்கு மாப்ள!" என்று மதுரைக்காரன் துள்ளினான். கும்பகோணத்தான் சிரித்தபடி 480ஐ ஐந்தால் வகுக்கச் சொன்னான். 96. அந்த ரேடியானில் ஐந்தைந்தாகக் கட்டித்தான் வேலைக்கு அனுப்புவார்கள். விளையாட்டு எழுதிய விதத்தைப் பொறுத்து, ஐந்தில் சிலதுக்கு வேலையே இருக்காது, சும்மா நிற்கும். என்விடியாவின் 96ஓ தனித்தனி ஆள், அதுவும் சில்லின் 672 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு இரண்டு மடங்காக 1344இல் ஓடும். காகிதத்தில் கணக்குப் போட்டால் ஒன்று 258 கிகாஃபிளாப்ஸ், இன்னொன்று 696. ஆனால் விளையாட்டில் அந்த வித்தியாசம் முழுசாக இறங்காது, ஒன்றரை மடங்கு பக்கம் வந்தால் பெரிசு என்றான். இத்தனைக்கும் இரண்டு சில்லும் தைவானின் டிஎஸ்எம்சி ஆலைகளில், ஒரே 40 நானோமீட்டர் முறையில் செய்தவை. ஒரே மண்ணில் விளைந்து இரண்டு தினுசாகப் போனவை.

கடைசியில் இரண்டுமே அறைக்கு வந்தன. நான் 540எம் வாங்கினேன். மதுரைக்காரன் ராத்திரி ஷிப்ட் அலவன்ஸைச் சேர்த்துவைத்து, அந்த வருஷத் தீபாவளிக்கு முன் 6770எம் வாங்கினான். நல்லவேளை, அப்போதே வாங்கினான். அந்த அக்டோபரில்தான் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்டு டிஸ்க் ஆலைகள் மூழ்கின. ரிச்சி தெருவில் டிஸ்க் விலை வாராவாரம் ஏறியது. முந்தின மாதம் வாங்கியவர்களைத் தெருவே கும்பிடாத குறை.

புது லேப்டாப் வந்தால் ஒரு சடங்கு உண்டே. பெட்டியைக் கட்டில்மேல் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார வேண்டும். டேப்பைப் பிளேடு போடாமல் நகத்தால் உரிக்க வேண்டும். உள்ளே இருந்து தெர்மோகோலும் புதுப் பிளாஸ்டிக்குமாக ஒரு வாசனை வரும். அண்ணாச்சி மூடிமேல் சந்தனமும் குங்குமமும் வைப்பார். "சாமி படம் ஏதாவது போடுல முதல்ல" என்பார். முருகன் படம் வால்பேப்பராக ஏறிய பிறகுதான் மோஸ்ட் வாண்டட் டிஸ்க் உள்ளே போகும்.

இரண்டு லேப்டாப்பும் ஒரே மேசையில் முதுகுக்கு முதுகு நிற்கின்றன. ஒரே விளையாட்டு, ஒரே இடம், ஒரே மீடியம் செட்டிங். மூலையில், விநாடிக்கு எத்தனை பிரேம் என்று காட்டும் ஃப்ராப்ஸின் மஞ்சள் எண். நவம்பர் 11ஆம் தேதி வெளியான ஸ்கைரிம் எங்கள் அறைக்கு வர இன்னும் சில வாரம் ஆனது; வந்த ராத்திரி யாரும் தூங்கவில்லை. என் திரையில் மஞ்சள் எண் முப்பதைத் தொட்டும் தொடாமலும் ஆடுகிறது. எதிர்ப்பக்கம் நாற்பதுக்கு மேல். பனிமலை ஏறும்போது என்னுடையதில் காற்று வீசுவதே விட்டு விட்டு வருகிறது, அவனுடையதில் வழுக்கிக்கொண்டு போகிறது. "பார்த்தியா மாப்ள, அஞ்சு!" என்று ஜிடிடிஆர்5ஐத்தான் சொல்கிறான். இரண்டுமே 1366க்கு 768 திரை. இன்றைய முழு ஹெச்டியில் பாதிப் புள்ளிகள்தான் அதில் இருக்கும். அந்தச் சின்னத் திரைதான் அந்தக் கார்டுகளைக் காப்பாற்றியது என்று கும்பகோணத்தான் சொல்வான். பெரிய திரை போட்டிருந்தால் இரண்டும் திணறியிருக்கும்.

பேட்டில்ஃபீல்ட் 3 இன்னும் கடுமையான பரீட்சை. என்னுடையதில் லோ வைத்தால்தான் ஓடும். அவனுடையதில் மீடியம் தாங்கியது. ஆனால் அறையில் அதிகம் ஓடியது இவை எதுவும் இல்லை. கவுன்டர் ஸ்டிரைக் 1.6. ஜன்னல் வழியே ஒயர் போட்டு அடுத்த அறைக்காரர்களையும் இழுத்துவிட்டோம். சுவிட்ச் பெட்டி வராந்தாவில் ஒரு முட்டைகோஸ் கூடைக்குள் இருந்து கண் சிமிட்டும். அந்த விளையாட்டுக்கு இந்தக் கார்டுகளில் எதுவுமே தேவையில்லை, பிராசசருக்குள்ளேயே இருந்த இன்டெல் ஹெச்டி 3000 போதும். ஞாயிறு மத்தியானம் அண்ணாச்சி கிரிக்கெட் 07 போடுவார். சச்சினை வைத்து ஆடி, அவுட்டானால் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வருவார்.

மஞ்சள் எண்ணில் தோற்றாலும் என் 540எம்முக்கு ஒரு பெருமை இருந்தது. ஆப்டிமஸ். 2010 பிப்ரவரியில் என்விடியா அறிமுகப்படுத்தியது. பாட்டுக் கேட்டால், வேர்டு ஃபைல் திறந்தால் இன்டெல் சில்லு பார்த்துக்கொள்ளும். விளையாட்டைத் திறந்தால் கார்டு தானாக எழுந்து வரும், முடித்தால் தானாகத் தூங்கப் போகும். பொத்தானும் அழுத்த வேண்டாம், ரீஸ்டார்ட்டும் வேண்டாம். ரேடியான் பக்கமும் மாறி மாறி ஓடும் ஏற்பாடு உண்டு. ஆனால் அந்தத் தலைமுறையில் எந்த விளையாட்டுக்கு எந்தச் சில்லு என்று கையால் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். சில லேப்டாப்புகளில் ஓப்பன்ஜிஎல் விளையாட்டுகள் கார்டுப் பக்கமே போகாது. டிரைவரும் லேப்டாப் செய்தவர்கள் கொடுத்தால்தான் உண்டு, அவர்கள் சீக்கிரமே மறந்துவிடுவார்கள். மதுரைக்காரன் டேட்டா கார்டில் ராத்திரி முழுக்க டிரைவர் இறக்கிவைத்து, காலையில் அதை ஏற்று ஏற்று என்று கெஞ்சிக்கொண்டிருப்பான். வேலைக்கும் விளையாட்டுக்கும் ஆகணும் என்று அம்மா சொன்னதற்கு என்னுடையதுதான் சரியாக இருந்தது. பேட்டரியும் கூட நேரம் நின்றது.

பேட்டரி நின்றதன் அருமை 2012இல் தெரிந்தது. சென்னையில் ஒரு மணி நேரமாக இருந்த மின்வெட்டு இரண்டு மணி நேரமானது. ஊர்ப்பக்கம் அதைப் போல எத்தனையோ மடங்கு. அம்மா போன் பண்ணினால் விசிறி மட்டையின் சத்தம் கேட்கும். ஃபேன் நின்றதும் மேன்ஷனே ஒரு பெருமூச்சு விடும். சார்ஜர் செத்ததும் இரண்டு கார்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மஞ்சள் எண் சடசடவென்று இறங்கும். பேட்டரியில் ஓடும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! அதற்குமேல் ஆட முடியாது, மூடிவைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போவோம். பாயை உதறிப் போட்டால் சிமெண்டுச் சூடு முதுகில் ஏறும். கலங்கரை விளக்கத்து ஒளி ஒரு சுற்று வந்து போகும். புதிதாக வந்துகொண்டிருந்த கார்டுகளைப் பற்றிக் கும்பகோணத்தான் பேசுவான். 28 நானோமீட்டராம், சூடே வராதாம். கேட்டுக்கொண்டே தூங்கிப்போவோம்.

சூட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கார்டுகளைப் பற்றிப் பேச முடியாது. ஆறு மாதம் போனால் விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி திரண்டு ஒரு திரையாகிவிடும். காற்று வெளியே போகாது, சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், விளையாட்டு திக்கும். கூடுதல் சூடு கக்குகிற 6770எம்முக்கு இது சீக்கிரம் வரும். பாய் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம். அவர் ஒவ்வொரு திருகாணியையும் அதன் இடப்படியே ஒரு அட்டையில் குத்திவைப்பார். பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுவார், காய்ந்துபோன பழைய பசையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் வழித்தெடுப்பார், சில்லின் மேல் அரிசி அளவு புதுப் பசை வைப்பார். ஸ்பிரிட் வாசனை சில்லென்று மூக்கில் ஏறும். மூடுவதற்கு முன் எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். "பாருங்க தம்பி, இதுதான் உங்க கார்டு." கண்ணாடி மாதிரி மின்னும் ஒரு சின்னச் சதுரம். என் 540எம் என்றால் அறுபது கோடிக்குக் கிட்டத்தட்ட டிரான்சிஸ்டர் அதற்குள். ஐம்பதாயிரம் ரூபாயில் நாங்கள் வாங்கியது அதைத்தான். வேலை முடிந்ததும் கண்ணாடி கிளாஸில் டீ வரும், அதற்கு அவர் எங்களைக் காசு கொடுக்க விட்டதில்லை.

பிறகு எல்லோரும் பிரிந்தோம். அண்ணாச்சிக்கு ஊர்ப்பக்கமே மாற்றலானது. கும்பகோணத்தானுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது, அதுவும் ஒரு சில்லுக் கம்பெனியில். மதுரைக்காரன் கல்யாணம் முடிந்து துபாய் போனான். 2015 ஏப்ரலில் ஜிடிஏ 5 கணினிக்கு வந்தபோது நான் மடிப்பாக்கத்தில் தனி வீட்டில் இருந்தேன். ஏழு டிவிடி. ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு ஏற்றி, எல்லாவற்றையும் லோவில் வைத்து 540எம்மில் ஓட்டினேன். ஓடியது. லாஸ் சாண்டோஸ் தெருக்களில் நிழல்கூட ஒழுங்காக விழவில்லை, இருந்தும் ஓடியது. போனில் கூப்பிட்டு மதுரைக்காரனிடம் சொன்னேன். "என்னுது மீடியத்துல ஓடும் மாப்ள" என்றான். அவன் லேப்டாப் அப்போது மதுரையில் பரணில் இருந்தது.

அந்த நவம்பரிலேயே ஏஎம்டி ஹெச்டி 6000 வரிசையைப் பழையவை பட்டியலில் தள்ளியது. 2016 தொடக்கத்தில் வந்த ஒரு பீட்டா டிரைவரோடு கதை முடிந்தது. என்விடியா, என் 540எம் சேர்ந்த ஃபெர்மி தலைமுறையை 2018 ஏப்ரல்வரை தாங்கியது. அதற்கு முந்தின வருஷம் டைரக்ட்எக்ஸ் 12ஐக்கூட அந்தப் பழைய சில்லுக்குக் கொடுத்துப் பார்த்தது. வல்கன் என்கிற புதிய கிராஃபிக்ஸ் இடைமுகம் இரண்டுக்குமே வரவில்லை. அதனால் இப்போது வருகிற பல விளையாட்டுகள் அவற்றில் திறக்கவே திறக்காது. 2017 கடைசியில் ஏஎம்டி ரைசன் லேப்டாப்புகள் வந்தன. தனிக் கார்டே இல்லாமல், பிராசசருக்குள் இருந்த வேகா 8 ஒரு டெராஃபிளாப்ஸைத் தாண்டியது. நாங்கள் பஸ் டிக்கெட்டில் போட்ட 696ஐ அது ஓசையில்லாமல் கடந்துபோனது.

போன மாதம் ரிச்சி தெருவுக்குப் போனேன். மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கினால் சுரங்கத்திலிருந்து நேரே மேலே வந்துவிடலாம். வாலாஜா ரோட்டில் நடக்க வேண்டியதில்லை. சாந்தி இல்லை. "என்ன சார் வேணும்?" இன்னும் இருக்கிறது, கரும்புச்சாறும் இருக்கிறது. பாய் கடை இருந்த இடத்தில் போன் டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறார்கள். பக்கத்தில் ஒரு பையன், கல்லூரி வயசு, போனில் ஒரு வீடியோவைப் பார்த்தபடி நின்றான். இரண்டு கார்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து, எண்கள் நான்கு மூலையிலும் ஓடுகிற வீடியோ. பார்த்து முடித்தான், அங்கேயே நின்று போனிலேயே ஆர்டர் போட்டான், போய்விட்டான். நல்ல கார்டுதான் வாங்கியிருப்பான். என் வீட்டிலும் இப்போது ஒன்று இருக்கிறது, ஸ்கைரிமை அல்ட்ராவில் வைத்தாலும் விசிறி சத்தம் போடுவதில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஆடுகிறேன். மூலையில் எண் மூன்று இலக்கத்தில் நிற்கிறது. அதைக் கூப்பிட்டுக் காட்ட யாரும் பின்னால் உட்கார்ந்திருப்பதில்லை.

மதுரைக்காரனுக்கும் எனக்கும் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. துபாயிலிருந்து பேசும்போதெல்லாம் எடுப்பான். நீங்கள் கூட இருந்து பார்த்தவர், அதனால் உங்களிடமே என் தீர்ப்பைச் சொல்கிறேன். விளையாட்டுக்கு மட்டும் என்றால் 6770எம்தான், மறுபேச்சே இல்லை. ஜிடிடிஆர்5 ஒன்றே போதும் அதைச் சொல்ல. கொடுத்த காசுக்கு என்றால் 540எம். குறைந்த விலை, குறைந்த சூடு, தானாக மாறுகிற ஆப்டிமஸ், கூடுதலாக இரண்டு வருஷ டிரைவர். உங்கள் பரணில் இந்த இரண்டில் எது கிடந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள், தூசியைத் தட்டிப் புதுப் பசை வையுங்கள். 2012வரை வந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் அதில் ஓடும். ஓட்டும்போது பக்கத்தில் இரண்டு பேரையாவது உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.